கல் தூசிக்கு வந்த நோட்டீஸ்

கருங்கல்லை ஜல்லியாக்குவது சுலபம். அந்தத் தூசிக்காக வரும் அரசாங்க நோட்டீஸுக்கு ஒழுங்காகப் பதில் எழுத முதலாளியைச் சம்மதிக்க வைப்பதுதான் கல்லுடைக்கிற வேலை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பல்லாவரம் மலையடிவாரத்தில் ஒரு கல் கிரஷரில் நான் மேனேஜர். மேனேஜர் என்றால் டைப் அடிப்பது, திட்டு வாங்குவது இரண்டும். இப்படிப்பட்ட முதலாளிகளிடம் சிக்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நாமெல்லாம் ஒரே ஜாதி.

ஊரில் இல்லாதவர்

எங்கள் தூசி பற்றிப் பக்கத்து ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை புகார் கொடுத்திருந்தார். அதன் பேரில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் நோட்டீஸ் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. எங்கள் முதலாளியின் சட்ட அறிவு அபாரமானது. கையெழுத்துப் போட்டு வாங்கினால்தான் அது நோட்டீஸ், வாங்காவிட்டால் வெறும் காகிதம் என்பது அவர் கட்சி. "ஊர்ல இல்லன்னு சொல்லு" என்று தபால்காரர் எதிரிலேயே நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்.

தபால்காரரும் கவரின் மேல் அப்படியே எழுதிக்கொண்டார். சைக்கிளில் ஏறும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஊர்ல இல்லாதவரு எதுக்கு சார் என்னை மொறைச்சிக்கினு நிக்கிறாரு?"

ஒரு வாய் சோறு

அடுத்து அந்த அதிகாரியின் ஆட்களே நேரில் வந்து நோட்டீஸை எங்கள் கேட்டிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்போதாவது பதில் எழுதினாரா? புகாரையே வாபஸ் வாங்க வைத்துவிடலாம் என்று மைசூர்பாகு பெட்டியோடு என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தலைமையாசிரியை பெட்டியைத் தொடவேயில்லை. ஒரு பெண் குழந்தை டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் தயிர்சாதத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்துவிட்டது. தலைமையாசிரியை அந்த டிபன் பாக்ஸை எடுத்து, ஒரு ஸ்பூனும் போட்டு என் முன்னால் வைத்தார். அவர் குரல் உயரவேயில்லை. "ஒரு வாய் சாப்பிடுங்க சார். சாப்பிட்டீங்கன்னா இப்பவே வாபஸ் எழுதித் தரேன்."

பைப் உண்டு

நான் மைசூர்பாகோடு திரும்பி வந்ததும் முதலாளி பதில் எழுதவே முடிவு செய்தார். எல்லா இடத்திலும் தண்ணீர் தெளிக்கும் குழாய் போட்டாகிவிட்டது என்று டிக்டேட் செய்தார். "போடவே இல்லையே சார்" என்றேன். உடனே பழைய பைப் கொஞ்சம் வந்தது. அதற்கு நீலப் பெயிண்ட் அடித்து, கட்டுக் கம்பியால் மெஷின் மேல் கட்டிவிட்டார்கள்.

அதிகாரி நேரில் வந்தார். இளம் வயது அம்மாள். பைப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெஷின் ஓட்டும் கன்னியப்பனிடம் வால்வைத் திறக்கச் சொன்னார். கன்னியப்பன் முதலாளியைப் பார்த்தான், அந்த அம்மாளைப் பார்த்தான், திறந்தான். "தொறந்துட்டேம்மா. தண்ணி வரணும்னா பைப்பு இன்னும் கெணத்தாண்ட போவணும்."

கரண்ட் போன பிறகு

கிரஷரை மூட உத்தரவு வந்தது, கரண்டையும் துண்டித்தார்கள். மெஷின் நின்றதும்தான் கன்னியப்பனின் இருமல் எங்கள் காதில் விழுந்தது. தினக்கூலி ஆட்கள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சிபாரிசு தேடிக் கோட்டை வரை போய்ப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "நீயே எதையாவது எழுதித் தொலை" என்றார்.

எழுதினேன். புகார் உண்மை, போன கடிதத்தில் சொன்னது தவறு, இன்னின்ன வேலையை இன்ன தேதிக்குள் முடிக்கிறோம் என்று. "நம்மளை நாமளே காட்டிக் குடுக்கறோமே" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பைப் கிணற்றுக்குப் போனது. ஜல்லி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்குத் தகரக் கூரை வந்தது. கரண்ட் திரும்பிய அன்று அதிகாரி மறுபடி வந்தார். தண்ணீர் பீய்ச்சியடித்தது, தூசி அடங்கியது. பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை நின்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

எங்கள் முதலாளிக்குப் பேச விஷயம் இருந்தது. என் பக்கம் கையைக் காட்டி அதிகாரியிடம் சொன்னார்: "தண்ணி அடிச்சா அடங்கிடும்னு ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கேன் மேடம், இவங்க எங்க கேக்கறாங்க?"

உண்மையை எழுதி, எழுதியதைச் செய்வதுதான் நோட்டீஸுக்குப் பதில். அதற்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடுவதைத்தான் நம் முதலாளிகள் நிர்வாகம் என்கிறார்கள்.