வாய் ரத்தம், துணி ரத்தம்

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுவிட்டு ரத்தக்கா இருபதுவரை எண்ணுகிறாள். சொட்டு சட்டென்று பரவினால் பாகு நீர்த்திருக்கிறது; பரவாமல் குண்டாக உட்கார்ந்திருந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. இருபதாவது எண்ணில் ஓரம் மட்டும் லேசாகக் கறுத்து, நடுவில் சிவப்பு நிற்க வேண்டும். நின்றால் "ம்" என்பாள். நிற்காவிட்டால் கிண்ணத்திலிருப்பதைத் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள்.

கேபிள் டிவியில் வாரம் ஐந்து நாள் ஓடும் ஒரு குடும்பத் தொடருக்கு ரத்தம் காய்ச்சுவது அவள் வேலை. வீங்கிய உதடு, கன்றிப்போன கண், தீக்காயம் எல்லாம் அதில் சேர்த்தி. படப்பிடிப்பு நடக்கும் வாடகை பங்களாவின் பின்பக்கச் சமையலறைதான் அவள் இடம். அங்கே ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் புட்டிகள் இருக்கும். ஒன்று வாய் ரத்தம்: சர்க்கரைப் பாகு, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயம், ஒரு சிட்டிகை கோகோ. நடிகர்கள் வாயில் அடக்கிக்கொண்டு அடி விழுந்ததும் துப்புவது. இன்னொன்று துணி ரத்தம். நிறம் அதேதான், ஆனால் ஒரே அலசலில் போக வேண்டும் என்று பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்திருப்பாள். மாற்றிக் குடித்தால் குடலைப் புரட்டும். அதனால் வாய் ரத்தப் புட்டியின் கழுத்தில் மட்டும் பிளாஸ்திரி சுற்றியிருப்பாள்.

இதற்குமுன் பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்தவள். விரிப்பைப் பிரித்ததுமே அந்தக் கறை எப்போது விழுந்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். "காலையில விழுந்தது வேற, நேத்து விழுந்தது வேற. கதை எழுதறவங்களுக்கு எல்லாம் ஒரே சிவப்புதான்" என்று அலுத்துக்கொள்வாள். கதைத்தாள் கைக்கு வந்தால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டைரக்டரிடம் போய் நிற்பாள்.

"ரத்த வெள்ளம்னு போட்டிருக்கு. வெள்ளம்னா எத்தன லிட்டரு?"

"அக்கா, அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"இந்த ஆளு அடுத்த வாரம் கோர்ட்டுக்கு நடந்து வரணுமா, வேணாமா?"

"வரணும்."

"அப்போ அரை டம்ளர்தான் தருவேன்."

தொடரின் வில்லனை எல்லோரும் பெரியப்பா என்றே கூப்பிடுவார்கள். கதையில் அவர் அப்படி. மூன்று வருஷத்தில் தம்பியை மாடிப்படியில் உருட்டிவிட்டார், கிடங்குக்குத் தீ வைத்தார், காரின் பிரேக் ஒயரை அறுத்தார். ரத்தக்கா காய்ச்சியதில் முக்கால்வாசி அவர் கைங்கரியத்தில் செலவானதுதான். அவள் குடியிருக்கும் தெருவில் பெண்கள் குழாயடியிலேயே மறிப்பார்கள். "அந்தப் பாவிக்கு ஒருநாளாவது அடிபடக் கூடாதா? நீயாச்சும் சொல்லேன்!"

பாவியோ, கழுத்தை நெரிக்கும் காட்சி என்றால் காலையிலேயே நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வருவார். அறை விடுவதற்கு முன்னால் எதிரில் நிற்கும் பெண்ணிடம், "மேல பட்டுச்சுன்னா உடனே சொல்லிடுங்கம்மா" என்பார். சமையலறைப் பக்கம் வந்தால் ஒரே குறைதான். "ஊருக்கெல்லாம் ஊத்துறீங்க, எனக்கு இன்னும் ஒரு சொட்டு குடுக்கலையேக்கா."

"நல்லவனா நடி தம்பி. ரத்தம் தானா வரும்."

அவருடைய ரகசியம் அவளுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் கறை இருக்கிறதா என்று அவர் கோட்டை உதறிப் பார்க்கையில் பையிலிருந்து இன்சுலின் பேனா விழுந்தது. அவர் ஓடிவந்து எடுத்துக்கொண்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா கொன்னுடுவாங்க."

"யாரு?"

"கதையிலதான்."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தத் தொடரில் உடம்புக்கு வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. தாத்தாவாக நடித்தவர் முட்டிவலிக்கு இரண்டு வாரம் லீவு கேட்டார். அடுத்த வாரமே ஏணியிலிருந்து விழுந்து செத்தார். அத்தையாக நடித்தவள் கர்ப்பமாகி மாதம் ஏறியதும் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், கப்பல் மூழ்கிவிட்டது. பெரியப்பா வீட்டில் இரண்டு பிள்ளைகள் காலேஜில் படிக்கிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

ரத்தக்காவின் வீட்டுக்காரர் சர்க்கரை வியாதிக்கு ஒன்பது வருஷம் ஊசி போட்டுக்கொண்டவர். அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "ஊசியக் குத்திட்டா சாப்பிட்டாகணும். தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

தெரிந்துதான் இருந்தது. ஆனால் போன வாரம் ஒருநாள், பன்னிரண்டேகாலுக்கு அவர் கழிவறையில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது புதிய தாள்கள் வந்து இறங்கியிருந்தன. மிரட்டல் காட்சி இரண்டு பக்கத்திலிருந்து ஆறு பக்கமாகியிருந்தது. "இந்த ஒரு ஷாட் முடிச்சுட்டு சாப்பிடப் போலாம்" என்றார் டைரக்டர். இல்லை, நான் சாப்பிட வேண்டும் என்று சொல்ல பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை. ஒரு ஷாட் நான்காயிற்று. மணி ஒன்றரை.

காட்சி இதுதான்: பெரியப்பா மேஜையில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டே, சொத்தை எழுதித் தரச்சொல்லித் தம்பி மனைவியை மிரட்ட வேண்டும். கடைசியில் அவள் உதடு கிழியும். அதற்காக ரத்தக்கா இரண்டு புட்டிகளோடு கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

முதலில் அவர் ஒரே வரியை இரண்டு முறை சொன்னார். பிறகு கத்தி ஆப்பிளை விட்டுவிட்டு மேஜையைச் சீவியது. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு தாளில் இல்லை. தம்பி மனைவியாக நடித்த கதாநாயகி நிஜமாகவே நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். டைரக்டர் எழுந்தேவிட்டார். "கட் பண்ணாதீங்க, யாரும் அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார். "மனுஷன் பின்றாரு!" காட்சிகளின் தொடர்ச்சியை நோட்டில் குறிக்கும் பெண் எழுதுவதை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தக்கா சிரிப்பைப் பார்க்கவில்லை, காலரைப் பார்த்தாள். படப்பிடிப்பில் வியர்வை என்றால் நெற்றியில் தெளிக்கிற தண்ணீர்தான். இது காதுக்குப் பின்னாலிருந்து இறங்கிச் சட்டையின் முதுகை நனைத்திருந்தது. இந்த வியர்வையும் இந்தச் சிரிப்புமாக அவள் வீட்டுக்காரர் ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, நம் வீடு எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டிருக்கிறார்.

கேமரா ஓடுகையில் குறுக்கே போகும் தைரியம் அங்கே தயாரிப்பாளருக்குக்கூடக் கிடையாது. ரத்தக்கா போனாள்.

"யாரு அது... அக்கா! வெளிய வாங்க! ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு!" டைரக்டர் கத்தினார்.

அவள் முதலில் கத்தியைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள். பெரியப்பா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கண்களுக்கு அவளைத் தெரியவில்லை.

"சொத்து... கையெழுத்து..." என்று நாக்குழறினார்.

"சொத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல முழுங்கு."

பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அப்படியும் நம்பாமல் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தாள். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் விட்டாள். தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். முழுங்கத் தெரியாத நிலையில் இருக்கிறவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதில் அவள் அவசரப்படுவதில்லை. தாடையில் சிவப்பு வழிந்து சட்டையில் இறங்கியது. விளக்குப் பிடித்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னக்கா குடுக்கறீங்க?" டைரக்டர் ஓடிவந்தார்.

"ரத்தம்."

"என்னது!"

"சர்க்கரைப் பாகுய்யா. ஊசி போட்டுட்டு சாப்பிடாம உக்காந்திருக்காரு, சுகர் இறங்கிடுச்சு. மரம் மாதிரி நிக்காம பிஸ்கட் இருந்தா கொண்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இதை மறைக்கத்தானே அந்த மனுஷன் இவ்வளவு பாடுபட்டார்? ஆனாலும் புட்டியை எடுக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் பிடி தளர்ந்தது. பெரியப்பா உதட்டை நக்கிப் பார்த்தார்.

"ரொம்பத் தித்திக்குதேக்கா."

"கோகோ கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

பிறகு அவர் சுற்றிலும் பார்த்தார். பிஸ்கட் தட்டோடு கதாநாயகி, கதைத்தாளைக் கையில் சுருட்டியபடி டைரக்டர். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது.

"சார், எப்படி சாகடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். "கார் ஆக்சிடென்ட்னா, முன்னாடியே சொல்லிடுங்க. பசங்க பார்ப்பாங்க."

டைரக்டர் சுருட்டிய தாளை மேஜைமேல் வைத்தார்.

"எத்தன வருஷமா?"

"ஆறு வருஷமா, சார்."

"மூணு வருஷமா தினம் பாக்கறேன். இன்னிக்கும் நடிப்புன்னே நினைச்சுட்டேன், சார்." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உங்களைக் கொன்னுட்டு நான் என்ன பண்றது? மிச்ச எட்டுப் பேரும் நல்லவங்க. எட்டு நல்லவங்க ஒரு வீட்ல இருந்தா என்ன கதை நடக்கும்? உக்காந்து டிவி பாப்பாங்க!"

விளக்குக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்தக் கூடமே சிரித்தது. அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் சேர்ந்து வெளியே வந்த சிரிப்பு அது. தொடர்ச்சி குறிக்கும் பெண் கேட்காமலே நோட்டைத் திறந்து, 'பெரியப்பா சாப்பாடு, பன்னிரண்டரை, தினமும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். பெரியப்பா நான்காவது பிஸ்கட்டை எடுத்தார். காதுக்குப் பின்னால் வியர்வை நின்றுவிட்டதை ரத்தக்கா கவனித்துக்கொண்டாள்.

அப்போது மேஜைமேல் இருந்த அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி, வீடியோ அழைப்பு. அவர் கையை நீட்டினார். ரத்தக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, பஞ்சைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து அவர் வாயோரத்தைத் துடைத்தாள், தாடையைத் துடைத்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக் கழுத்து மடிப்பில் இன்னும் ஒருமுறை ஒற்றியெடுத்தாள். தன் தோளில் கிடந்த துண்டைச் சட்டைக் கறை தெரியாதபடி அவர் மார்பில் போர்த்தினாள். அதன் பிறகுதான் பச்சைப் பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்திப் போனை அவர் கையில் கொடுத்தாள்.