செத்தவனை அழகனாக்கிய கதை

தொண்ணூறுகளின் பின்பாதியில் காக்ஸ் டவுனில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் ஒரு பேயைக் காதலிக்க ஆரம்பித்தேன். அவனை எழுதிக்கொண்டிருந்ததும் நான்தான் என்பதால் அதில் எனக்கு வெட்கமே இல்லை.

சென்னையிலிருந்து வரும் மாத நாவல்கள் அப்போது சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கும். அண்ணியும் நானும் ஒன்றை வாங்கி, பொறுக்க முடியாமல் நடுவில் கிழித்து, ஆளுக்குப் பாதியாகப் படிப்போம். எந்தக் கதையிலும் பேய் என்றால் பெண்தான். வெள்ளைப் புடவை, அவிழ்த்துவிட்ட கூந்தல். ஒருநாள் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்:

"ஏன், ஆம்பளைங்க சாகறதே இல்லையா? அழகா ஒரு ஆம்பளப் பேய் வந்தா நம்மளும் கொஞ்சம் சந்தோஷமா பயப்படலாம் இல்ல?"

அந்த வாரமே உட்கார்ந்துவிட்டேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா. அங்கே வாடகைக்கு வருகிறாள் ஒரு நர்ஸ். அந்த வீட்டில் எப்போதோ செத்துப்போய், கிளம்ப மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவன் என் கதாநாயகன்.

கதை ஓடியது. ஆனால் அவனை அழகாக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வெளுத்த முகம் என்று எழுதினேன். "வெளுத்த ஆளப் பாத்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னுதான் தோணும்" என்றார் அண்ணி. "கறுப்பா களையா இருக்கட்டும். செத்தா கலர் மாறணும்னு யார் சொன்னா?" மாற்றினேன். நம் ஊர்ப் பேய்களுக்குக் கால் கிடையாது. கால் இல்லாதவன் எப்படி மாடிப்படிக் கைப்பிடியில் ஸ்டைலாகச் சாய்ந்து நிற்பான்? கால் கொடுத்தேன், காலடிச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கையில் வந்து மாட்டிக்கொண்டேன். செத்தவன் கை ஜில்லென்று இருக்கும். ஜில்லென்ற கை பட்டால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அண்ணி ஃப்ரீசருக்குள் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டு என் கழுத்தைத் தொட்டார். ஈரமாக, பச்சை மீன் பட்டதுபோல இருந்தது. "உனக்கு ரசனை இல்ல" என்று சொல்லிவிட்டு, அதே கையோடு போய், கண்ணாடி முன்னால் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த அண்ணனின் பிடரியைத் தொட்டார். "கர்த்தரே!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அன்றைக்கு அவர் தாடையில் பிளாஸ்திரியோடுதான் சர்ச்சுக்கு வந்தார்.

அன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வளாகம் முழுக்கக் கடைகள். ஐஸ்கிரீம் கடையில் நின்றவர் எங்கள் பாடகர் குழுவில் பாடுபவர், ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் வேலை. காலையிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு அள்ளிக்கொண்டிருந்தார். அண்ணியின் கண் அந்தக் கையில் போய் நின்றது. தடுப்பதற்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"தம்பி, உங்க கைய இவ கையில ஒரு நிமிஷம் வைங்க. கதைக்கு."

"எந்தக் கதைக்கு?"

"செத்துப்போனவன் கதைக்கு."

அவர் துண்டில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். முதலில் சுரீர் என்று குளிர். அப்புறம், மெதுவாக, அதற்கு அடியிலிருந்து ஒரு கதகதப்பு மேலே ஏறி வந்தது. "எப்படி இருக்கு? சொல்லேன்!" என்று அண்ணி உலுக்கினார். பின்னால் நின்றவர், "வெனிலா இருக்கா இல்லையாப்பா?" என்று கத்தியபோதுதான் கையை விட்டேன்.

நான் எழுதி முடித்ததும், கதையில் தன் கை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, ஐஸ்கிரீம்காரர் அதை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் திருப்பிக் கொடுத்தார்.

"டீச்சர், உங்க ஆளு பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடறாரு. மூச்சே இல்லாதவரு எப்படி பெருமூச்சு விடுவாரு?"

நான் தாள்களைப் புரட்டித் தேடினேன்.

"அதுவும் போக, இத்தனை வருஷமா அந்த வீட்டுல சும்மாவே நிக்கிறாரா? ஒரு வேலையும் கெடையாதா?"

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலத்துக்குள் கோபம் போய், பெருமூச்சுகளையெல்லாம் அடித்துவிட்டு அவனுக்கு வேலை கொடுத்தேன். ஒழுகும் குழாயை இறுக்கினான். மழை வருமுன் ஜன்னல்களைச் சாத்தினான். அவள் வார்டில் நடந்ததைச் சொன்னால் நடுவில் பேசாமல் கேட்டான். அவனுக்குத்தான் எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லையே. அதைப் படித்த அண்ணி தாளை மார்பில் வைத்துக்கொண்டு, "ஐயோ, இவன் வேணும்" என்றார். உள்ளே அண்ணன் செருமினார்.

கதையைச் சென்னைக்கு அனுப்பினேன். போன் பண்ணச் சொல்லி மாத நாவல் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. மார்க்கெட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அதன் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. பின்னால் வரிசையில் ஆட்கள்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா கடைசியில அவன் சாகணும்."

"சார், அவர் மொதல் பக்கத்துலயே செத்துட்டாரு."

"அப்போ அழிஞ்சு போகணும். ஒரு மந்திரவாதியக் கூட்டிட்டு வா. அந்தப் பொண்ணுக்கு ஒரு டாக்டரக் கட்டி வை."

லைன் கரகரத்தது. நான் கத்தினேன். "முடியாது சார்! செத்தவரா இருந்தா என்ன, அவளுக்கு அவரத்தான் பிடிச்சிருக்கு!"

வரிசையில் நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். பூத் வைத்திருந்த அக்கா எட்டிப் பார்த்து, "யாரும்மா போயிட்டது?" என்றார். ரிசீவரைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மா முன்னால் வந்தார்.

"ஆளு எப்படி? குடிப்பானா?"

"இல்லம்மா. அவர் சாப்பிடவே மாட்டாரு."

"சமையலும் இல்லையா? அப்புறம் என்ன யோசனை? கட்டிக்கச் சொல்லும்மா!"

பூத்தே சிரித்தது. நான் பொத்தியது சரியில்லை போலிருக்கிறது, சென்னையிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரிம்மா, உங்க ஊரே சொல்லும்போது நான் யாரு? அவன் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஆசிரியர்.

புத்தகம் வந்த அன்று சிவாஜி நகருக்கு ஐஸ்கிரீம்காரரும் கூட வந்தார். அதற்குள் எங்கள் கல்யாணத்தை இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். அட்டையில் வெள்ளைப் புடவையில், கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஒரு பெண். "உங்க ஆளு எங்க?" என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னட்டை மூலையில், தபால் தலை அளவுக்கு இருந்தான். மீசைகூட வைக்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு பிரதி வாங்கினோம்.

சில நாள் கழித்து பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி பையிலிருந்து அதே புத்தகத்தை எடுத்தார். அவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உதடு அசைய மறுபடி படித்தார். பின்பக்கம் நின்றிருந்த என்னவர், "டீச்சர், ஸ்டாப் வந்தாச்சு!" என்று கூப்பிட்டார். நான் இறங்காமல் கையை மட்டும் ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது.

நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்த அந்த அம்மா புத்தகத்தைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

"ஆளு செத்துட்டான்மா" என்றார் ரகசியமாக. "ஆனா பரவால்ல. நல்லாத்தான் இருக்கான்."