பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

சகீலாவுக்குச் சண்டை ஆகாது. மீன்காரர்கள் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், நிறுத்து வைத்த மத்தியை அப்படியே விட்டுவிட்டு வீடு திரும்பிவிடுகிற ஆள். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, நாலு சந்து தள்ளி வாழ்க்கைப்பட்டு, நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. இதுவரை யாரையும் முகத்துக்கு நேரே கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த பதவியைப் பாருங்கள்: அறுநூற்றுப் பத்துப் பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின்.

அது பத்துமணிப் பூக் குழு. காலை பத்து மணிக்கு விரிந்து, வெயில் சாய்வதற்குள் சுருங்கிவிடுகிற அந்தத் துளியூண்டு பூவுக்கு இத்தனை பைத்தியங்கள் இருப்பார்கள் என்று யார் கண்டது? கொரோனா சமயத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்கள் பொழுது போகாமல் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. விரல் நீளத் தண்டைக் கிள்ளிப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கூரியரில் போட்டால், நாலு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் சாகாது. மண்ணில் குத்தினால் பிடித்துக்கொள்ளும். ஆலுவாக்காரி மஞ்சளை அனுப்புவாள், பாலக்காட்டுக்காரி பதிலுக்கு அடுக்கு ரோஸை அனுப்புவாள். எல்லாரும் கேரளத்தில் வாழும் தமிழ்ப் பெண்கள்தான், பாதிப் பேருக்குத் தமிழ் எழுத வராது என்பதால் எழுதுவதெல்லாம் மலையாளம், பேசிப் பதிவு போடுவதெல்லாம் தமிழ்.

இதற்கு முன்னால் வேறொரு குழு இருந்தது. ஒருத்தி போட்ட பூப்படம் அவள் வீட்டுப் பூவே இல்லை, எங்கிருந்தோ சுட்டது என்று இன்னொருத்தி சொல்லப்போக, மூன்று நாள் ரகளை. பூவை விட்டுப் பிள்ளையை இழுத்து, பிள்ளையை விட்டுப் புருஷனை இழுத்து, நாலாம் நாள் குழுவே இல்லாமல் போயிற்று. சகீலாவின் சிநேகிதிகள் எல்லாம் அதில்தான் இருந்தார்கள். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் தானே ஒரு குழுவைத் தொடங்கி, உச்சியில் ஒரே ஒரு விதியை எழுதி வைத்தாள்: 'தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.' அன்பாய்க் கொடுத்ததைக் குறை சொன்னால் அழிப்பேன், மறுபடியும் சொன்னால் நீக்குவேன் என்று கீழே ஒரு வரி.

சுக்கு வியாபாரம் பார்க்கும் கணவர் ஷௌகத் அலி, சாயாவை உறிஞ்சிக்கொண்டே அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உலை வாயை மூடலாம். ஊர் வாயை மூட முடியுமா சகீலா?"

"மூடிக் காட்டுறேன், பாருங்க."

மூடியும் காட்டினாள். இரண்டு வருஷமாய் அந்தக் குழுவில் 'சூப்பர் சேச்சி', கைகூப்பு, சிவப்பு இதயம் தவிர வேறு பேச்சே கிடையாது. ஒரு கசப்பான வார்த்தை விழுந்தால் அது உலர்வதற்குள் சகீலாவின் கட்டைவிரல் போய்த் துடைத்துவிடும். அதில் அவளுக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

அமுதவள்ளி வந்து சேர்ந்தது போன வருஷம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கணவன் பாண்டியராஜனுக்குக் கட்டட வேலை, இவளுக்கு ஒரு ஹோட்டல் அடுக்களையில் வேலை. இடக்கொச்சியில் ஒற்றை அறை வாடகை வீடு. காலியான பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி வாசலில் வரிசையாய் வைத்திருந்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பு முன் அந்த வாளிகளைப் படம் எடுத்துப் போடுவாள். கொச்சியில் அவளுக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது இந்தக் குழு ஒன்றுதான். ஆனால் பேச்சில் சர்க்கரை போடத் தெரியாதவள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அவள் போட்ட குரல் பதிவு இது:

"டீச்சர் அனுப்புன தண்டுல மாவுப்பூச்சி இருக்கு. தண்டுக்கும் இலைக்கும் நடுவுல வெள்ளையா அப்பியிருக்கு. வாங்குனவங்க எல்லாரும் பாத்துக்கோங்க, விட்டா தொட்டி தொட்டியாத் தின்னுரும். சும்மா குடுக்கீங்கன்னா பூச்சியையும் சேத்தா குடுப்பீங்க?"

டீச்சர் என்றால் ஆலுவா ஜெயலக்ஷ்மி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கேட்டவருக்கெல்லாம் தண்டு அனுப்புகிறவர். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. 'இப்படி அவமானப்படுத்தினால் நான் விலகிக்கொள்கிறேன்' என்று எழுதினார். பழைய குழு செத்த கதை சகீலாவின் கண்முன் வந்து நின்றது. பதிவை அழித்தாள். அமுதவள்ளியைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

"பூச்சி இருந்துச்சுக்கா. இருந்ததைத்தான சொன்னேன்?" என்றாள் அவள். சொன்னதோடு நில்லாமல், பூச்சியைப் பெரிதாகப் படம் பிடித்து மறுபடியும் குழுவில் போட்டாள்.

சகீலா அவளை நீக்கினாள். டீச்சருக்கு நாற்பது பேர் கைகூப்பு அனுப்பினார்கள். குழு மறுபடியும் சமர்த்தாயிற்று.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரில் கூடித் தண்டு மாற்றிக்கொள்வது வழக்கம். இந்த முறை வைட்டிலாவில் ஒரு சின்ன ஹாலைப் பிடித்திருந்தார்கள். எல்லாத் திசையிலிருந்தும் பஸ் வந்து சேருகிற இடம் அல்லவா? அறுபது பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தலைக்கு ஒன்றாய்க் கொடுக்க, தன்னுடைய பேர்போன மஞ்சள் சிவப்புப் பூச்செடியிலிருந்து தண்டு கிள்ள வெள்ளிக்கிழமை காலை மொட்டைமாடிக்குப் போனாள் சகீலா.

தொட்டிகளுக்கு அடியில் கணவர் கடையிலிருந்து வந்த பழைய சாக்குகளை விரித்திருந்தாள். சுண்ணாம்பில் புரட்டிய சுக்கு வருகிற சாக்கு அது. உதறினால் வெள்ளைத் தூசி பறக்கும், செடியில் படியும். இரண்டு மாதமாய்ச் செடியின் அடித்தண்டில் தெரிந்த வெள்ளையையும் அந்தக் கணக்கிலேயே விட்டிருந்தாள். வெற்றிலைக்கே சுண்ணாம்பு வைக்கிறோம், செடிக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நினைப்பு. அன்றைக்கு ஒரு தண்டைக் கிள்ளும்போது விரலால் துடைத்தாள். சுண்ணாம்பு உதிரும். இது உதிரவில்லை, பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தால் அதில் ஒரு பொட்டு மெல்ல நகர்ந்தது.

சுண்ணாம்பு நடக்குமா? சகீலா சாக்கின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டீச்சருக்கு இரண்டு மாதம் முன்னால் மஞ்சள் சிவப்புத் தண்டு அனுப்பியவளே அவள்தான். பூச்சி புறப்பட்ட வீடு ஆலுவா இல்லை, மட்டாஞ்சேரி.

பாலக்காட்டுக் காமாக்ஷிக்கு போன் போட்டாள். அவளும் டீச்சரிடம் தண்டு வாங்கியவள்.

"உங்க செடியில வெள்ளையா ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துது சேச்சி. பதினஞ்சு தொட்டி போச்சு."

"குரூப்புல சொல்லலையே?"

"பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க. அந்தப் பொண்ணைத் தூக்கினதையும் பார்த்தோம். எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

இன்னும் மூன்று பேருக்குப் பேசினாள். மூன்று பேருக்கும் அதே கதை, அதே பதில். சமர்த்தாய் இருந்த குழுவில் ஒவ்வொருத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு செடியைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தண்டுகள் கை மாறினால் அறுபது வீட்டுக்கும் பூச்சி போகும். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாள் மதியம் தோப்பும்படியில் பஸ் மாறி இடக்கொச்சி போனாள். அமுதவள்ளி வேலை இடைவேளையில் வீட்டுக்கு வந்து வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சகீலாவைப் பார்த்து எழுந்தாள். 'வாங்க' என்று சொன்னாளே தவிர, சிரிக்கவில்லை.

வாளிகளில் செடிகள் ஒரு பூச்சி இல்லாமல் தளதளவென்று நின்றன.

"எப்படிக் காப்பாத்துன?"

"சோப்புத் தண்ணியில முக்கி எடுத்தேன். மோசமானதைப் பிடுங்கிப் போட்டேன். அதையும் சேத்துத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

சகீலா வாளிகளைத் தாண்டி அவள் அருகில் போனாள். "அந்தப் பூச்சி என் வீட்டுலேருந்து போனதும்மா. உன்னை நீக்குனது என் தப்பு. சண்டை வந்துரும்னு பயந்து நெசத்தை அழிச்சுட்டேன்."

அமுதவள்ளி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "மூணு வாரமாப் படம் எடுத்துக்கிட்டுதான் இருக்கேன். அனுப்பத்தான் ஆளில்ல" என்றாள். பிறகு, "அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் சாஸ்திதான்க்கா. டீச்சர் வயசுக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அதுக்கு வேணா மன்னிப்புக் கேக்கேன். பூச்சிக்குக் கேக்க மாட்டேன்."

"கேக்க வேண்டாம். திரும்பி வந்துரு."

"வந்தா மறுபடியும் சொல்லுவேன்."

"சொல்லு" என்றாள் சகீலா.

அங்கேயே, அந்த வாசலில் நின்றே, அவளைக் குழுவில் சேர்த்தாள். அங்கேயே குரல் பதிவும் போட்டாள். தன் செடியில் பூச்சி இருந்ததை, அதைச் சுக்குச் சுண்ணாம்பு என்று நினைத்ததை, உண்மையைச் சொன்னவளை நீக்கியதை, ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். கடைசியில், "விதியை மாத்தறேன். மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாம். மாட்டுக்காரரைத் திட்டக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். அடுத்து அமுதவள்ளி, சொன்ன சொல் மாறாமல், கடைசி வார்த்தைக்கு மட்டும் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போட்டாள்.

பத்து நிமிஷம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. குழு போயிற்று என்றே சகீலா முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் டீச்சர் எழுதினார்: 'எனக்கு வருத்தமா இருந்தது உண்மை. ஆனா செடியைத் திருப்பிப் பார்க்காமல் அனுப்பினதும் உண்மை. அமுதவள்ளி, அந்தச் சோப்புத் தண்ணிக்கு அளவு சொல்லும்மா.'

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. காமாக்ஷியின் வெறும் தொட்டிகள், இன்னொருத்தியின் அழுகிய வேர், வேறொருத்தி இரண்டு வருஷமாய் மனசில் வைத்திருந்த கூரியர் புகார் என்று வந்து கொட்டின. ஒருத்தி மட்டும் வரம்பு மீறி ஒரு வார்த்தை விட்டாள். சகீலா அதை அழிக்கவில்லை. 'மாட்டுக்காரர்' என்று மட்டும் பதில் போட்டாள், வரம்பு மீறியவளே அதை அழித்துக்கொண்டாள். யாரும் யார் புருஷனையும் இழுக்கவில்லை. சகீலாவுக்கு மார்பிலிருந்த பாரம் இறங்கி, பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் மிச்சச் சில்லறைக்கா அழுகிறாள் என்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வைட்டிலா ஹால் வாசலில் ஒரு ஸ்டூலும் இரண்டு வாளி சோப்புத் தண்ணீரும். ஸ்டூலில் ஒரு பூதக்கண்ணாடியோடு அமுதவள்ளி. எல்லார் தண்டையும் ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். டீச்சர் கொண்டுவந்த தண்டுகளில் மூன்றை எடுத்து ஒதுக்கினாள். டீச்சர் பூதக்கண்ணாடியை வாங்கித் தாமும் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். சகீலா கொண்டுவர எதுவும் இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கோடு அப்புறப்படுத்தியிருந்தாள். வெறுங்கையாய் வந்தவளுக்கு அமுதவள்ளி தன் வாளியிலிருந்து ஒரு தண்டு கொடுத்தாள். "ஆரஞ்சுக்கா. அடுக்கு."

மூன்று வாரம் கழித்து அது பூத்தது. பத்து மணிக்குச் சாயா டம்ளரோடு மாடிக்குப் போன சகீலா, ஒரு நிமிஷம் பார்த்தாள், சிரித்தாள், படம் எடுத்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அறுநூற்றுப் பத்துப் பேர் முன்னால் ஒரு குறை சொன்னாள்:

"அமுதவள்ளி, நீ ஆரஞ்சுன்னு குடுத்தது வெள்ளையாப் பூத்திருக்கு. அடுக்கும் இல்லை."

பதில் ஹோட்டல் அடுக்களையிலிருந்து, பாத்திரச் சத்தத்தோடு வந்தது.

"அப்படியாக்கா? ரெண்டு வாளியும் மாறிப்போச்சு போல. நல்லாப் பாருங்க, மறுபடியும் சுண்ணாம்பா இருக்கப் போவுது."