அரக்கு காய்வதற்குள் வந்த போன்

நான் மருந்து ஆய்வாளர். ஆந்திர எல்லை ஊரான நகரியில் ஒரு கட்சிப் பிரமுகரின் மருந்துக் கிடங்கில், பூஞ்சை மிதந்த குளுக்கோஸ் பாட்டில்களைச் சோதனைக்கு எடுத்தேன். உள்ளறையில் சீல் வைக்கும்போது சித்தூரிலிருந்து மேலதிகாரி அழைத்தார். இரு கையிலும் அரக்கு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கட்சி ஆபீசுலருந்து மூணு போனு வந்துச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடும்மா."

அதைக் கேட்டதும் கிடங்கு ஆட்கள் ஷட்டரை இறக்கினார்கள். "உங்க ஆபீசரே சொல்லிட்டாரு, இன்னா மேடம் இன்னும் ஒட்டிக்கினு கீறே?" என்று சிரித்த ஒருவன், இரும்புக் கம்பியால் பாட்டில்களை நொறுக்கினான். தடுக்கப் பாய்ந்த எங்கள் அட்டெண்டர் முனிரத்தினம் அண்ணனின் வலது மணிக்கட்டும் உடைந்தது. ரத்தத்தோடு எங்களைத் தெருவில் தள்ளினார்கள். சோதனைக்கு அனுப்ப ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை.

என் தவறுகள் இரண்டு: உள்ளறை, ஸ்பீக்கர். இப்போது போனை அணைத்துவிட்டு, தெருவில் மேசை போட்டுத்தான் சீல் வைக்கிறேன். முதல் சாட்சியாக அண்ணன் இடது கையால் கையெழுத்துப் போடுகிறார்.