மேடானில் போட்ட மொட்டை

நாங்கள் கத்தோலிக்கர்கள் இல்லை, புராட்டஸ்டன்ட் என்று என் நண்பர்கள் இருவருக்கும் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "அதான் மச்சான், கிறிஸ்தவன்தானே" என்பார்கள். எங்கள் சபையில் மாதா சிலை கிடையாது, மெழுகுவர்த்தி ஏற்றுவது கிடையாது, நேர்த்திக்கடன் என்ற பேச்சே கிடையாது என்று விளக்கத் தொடங்கினால் இருவரும் கைப்பேசியை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் எனக்கும் அலுத்துப்போனது. போய்த் தொலையட்டும், அவர்களைப் பொறுத்தவரை நான் மாதாவின் ஆள். மேடானுக்குப் போனதும் அந்தப் பட்டத்தோடுதான்.

மூவரும் காம்பாரில் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தோம், ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். நான் சிலிம் ரிவர் ஊர்க்காரன். ஒருவன் கோப்பெங், தூங்கும்போது மட்டும் வாயை மூடுகிறவன். இன்னொருவன் ஈப்போவில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு இருப்பவன். அப்பா இல்லை. அம்மாவுக்கு ஒரு ஹோட்டலின் துணி துவைக்கும் பகுதியில் வேலை. பெயர்கள் வேண்டாம். கோப்பெங்காரன், ஈப்போக்காரன் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

செமஸ்டர் விடுமுறையில் எப்படியாவது ஒரு வெளிநாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஜப்பான், கொரியா என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. டிக்கெட் விலையைப் பார்க்கப் பார்க்க, வாரத்துக்கு வாரம் நாடு கிட்டே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பினாங்கில் விமானம் ஏறி, இடுப்புப் பட்டையை மாட்டிக் கழற்றுவதற்குள் இறங்கிவிடக்கூடிய மேடானில் வந்து நின்றது. எங்கள் கடற்கரைக்கு எதிர்க்கரை. ஆனாலும் இந்தோனேசியா. "பாஸ்போர்ட்ல சாப்பு குத்துனா வெளிநாடுதான்லா," என்றான் கோப்பெங்காரன்.

அதே சமயத்தில்தான் ஈப்போக்காரன் வீட்டில் பிரச்சினை. அவன் அம்மாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லி பினாங்கு மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். அம்மா போகவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார்கள். அதற்கும் போகவில்லை. படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குகிற மனுஷி, "மாதா கடன வச்சிக்கிட்டு நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். இதற்கு மேல் தள்ளினால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடன் பழையது. சிலிம் ரிவருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர்கள் இருந்தபோது, குழந்தையாக இருந்த இவனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. வண்டி வருவதற்குள், பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெண் வேளாங்கண்ணி எண்ணெயைக் கொண்டுவந்து நெற்றியில் தடவினாள். "புள்ள பொழச்சா வேளாங்கண்ணிக்குக் கூட்டியாந்து மொட்ட போடுறேன் தாயே" என்று அம்மா வேண்டிக்கொண்டார். வீட்டில் மாரியம்மன் உண்டு, முனியாண்டி உண்டு. ஆனால் அந்த நேரத்துக்குக் கைக்கு எட்டியது மாதா. பிள்ளை பிழைத்தான். பிறகு தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இவர்கள் ஈப்போவுக்கு வந்தார்கள், அப்பா இறந்தார், இந்தியப் பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஏதாவது வியாதி வந்தால் போதும், அம்மாவுக்கு அந்த மொட்டைதான் ஞாபகம் வரும்.

மேடானிலும் வேளாங்கண்ணி மாதாவுக்குக் கோயில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் கோப்பெங்காரன். உடனே மூவரும் ஈப்போவுக்குக் கிளம்பிப் போய் அம்மாவிடம் சொன்னோம்.

"அது வேற மாதாவா?" என்று கேட்டார்.

"அதே மாதாதான் அன்ட்டி. பேங்குக்கு பிராஞ்சு இருக்குல்ல, அந்த மாதிரி," என்றான் கோப்பெங்காரன்.

ஈப்போக்காரனுக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது. "நான் மொட்ட போட்டுட்டு வாரேன். நீங்க ஆஸ்பத்திரிக்கு வரணும். அவ்வளவுதான்மா," என்றான்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பில் இருந்த பூவைப் பார்த்தேன். "போய்ட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்," என்றார். அது சம்மதமா, மறுப்பா என்று கீழே இறங்கி வரும்வரை நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம்.

கைப்பை மட்டும்தான் இலவசம் என்பதால் ஆளுக்கு இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினோம். மேடானில் எடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு காற்றாடி. காற்றாடி கட்டிலின் கால்மாட்டுக்கு மட்டும் வீசும். எங்கே போனாலும் அங்கோட் என்கிற குட்டி வேன். முன்பின் தெரியாதவர் முழங்காலோடு நம் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். முதல் மதியம் ஒரு பாடாங் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். நாங்கள் ஒன்றுமே கேட்பதற்குள் கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த ஆள், மேசை நிறைய ரெண்டாங், மீன், கோழி, மூளைக் குழம்பு என்று பரப்பிவிட்டுப் போனார். வைத்த அத்தனைக்கும் காசு என்று நினைத்து, ஓரத்திலிருந்த குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். தொட்டதற்கு மட்டும்தான் காசு என்பது பில் வந்தபிறகுதான் தெரிந்தது. கோப்பெங்காரன் அந்தக் கோழியை நினைத்து இன்றைக்கும் பெருமூச்சு விடுவான்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். வேளாங்கண்ணி என்றால் பின்னால் ஒரு மொட்டை போடும் கொட்டகை இருக்கும் என்பதில் எங்களில் ஒருவனுக்கும் சந்தேகமே வரவில்லை. தைப்பூசத்தன்று ஈப்போவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வரிசையாக முக்காலி, வாளியில் தண்ணீர், கத்தியோடு ஆட்கள், தட்டில் சந்தனம். நேர்த்திக்கடன் என்றால் அந்த ஏற்பாடும் கூடவே இருக்கும் என்பது எங்கள் எண்ணம். போதாக்குறைக்குச் சந்தனத் தூளைக் கோப்பெங்காரன் காலுறைக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தான்.

கோயில் எங்கள் ஊர்க் கோபுரம் மாதிரியே அடுக்கடுக்காக நிமிர்ந்து நின்றது. வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாளின் முகம் அசல் நம் ஆள். கோப்பெங்காரன் தமிழில் பொரிந்து தள்ளினான். அவர் "வாங்க" என்று ஒரே ஒரு சொல் தமிழில் சொல்லிவிட்டு, மீதியை இந்தோனேசிய மொழியில் கேட்டார். மலாயில் விஷயத்தைச் சொன்னோம். இங்கே யாரும் மொட்டை போடுவதில்லை, ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள் என்றார். நாங்கள் எங்கே போய்க் கேட்பது, யாரிடம் கேட்பது. இருவரும் ஒருசேர என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ சொல்லு மச்சான். வெளிய போய் வழிச்சிட்டு வந்தா செல்லுமா?" என்றான் கோப்பெங்காரன்.

"எனக்கு எப்படிடா தெரியும்? நாங்க மொட்டையே போட மாட்டோம்."

"கிறிஸ்தவன்தானலா நீ."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் ஈப்போக்காரன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. நக்கல் பேசிக்கொண்டே வந்தவன், அங்கே பையின் வாரைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான். இது நடக்கவில்லை என்றால் அம்மா ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "செல்லும். வா," என்றேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

சந்தைப் பக்கம் ஒரு முடி வெட்டும் கடை கிடைத்தது. ஈப்போக்காரனுடைய முடி சாதாரண முடி அல்ல. கருகருவென்று சுருட்டை. நாங்கள் சோற்றுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவழித்த நாட்களில்கூட அவன் ஷாம்பூவில் கை வைத்ததில்லை. முழுவதும் எடுக்கவேண்டும் என்றதும் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மெஷின் ஓட ஓட, எங்களுக்குத் தெரியாத ஒரு தலை வெளியே வந்தது. சிறிய தலை. பின்னங்கழுத்தில் வெயில் படாத தோல் வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. கோப்பெங்காரன் தண்ணீர் போத்தல் மூடியில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினான். தண்ணீர் அதிகமாகிப் புருவம்வரை வழிந்தது. விழுந்த முடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனோம். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு செடியின் அடியில் குழி தோண்டிக் கொடுத்தார்.

உள்ளே கோப்பெங்காரனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வருஷா வருஷம் குடும்பத்தோடு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற இந்து அவன். மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது, எப்போது மண்டியிடுவது, எல்லாம் அத்துப்படி. மாதாவின் ஆளான நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். ஈப்போக்காரன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்னடா சொல்லணும்?" என்றான் மெதுவாக.

"நாங்க சும்மா பேசுவோம். வீட்டு ஆளுகிட்ட பேசுற மாதிரி."

பிறகு, "எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்று சத்தமாகச் சொன்னான். கடையில் சாமான் கேட்பவன் குரல். சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தான். நான் அவனைத் தொடவில்லை. பயமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிறவன் நான். பரீட்சைக்கு ஜெபித்திருக்கிறேன், மழை நிற்க ஜெபித்திருக்கிறேன். ஒரு தடவைகூட இவ்வளவு நேராக எதையும் கேட்டதில்லை என்று அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அவன்மேல் பொறாமையாகவும் இருந்தது, அந்தப் பொறாமையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பினாங்கில் இறங்கி, பஸ் பிடித்து, ஈப்போ வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம். அம்மாவுக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவர் மகன் தலையைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார், சாப்பாடு போட்டார், சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மாதா ஏத்துக்கிட்டாங்களா தம்பி?"

"நல்லா ஏத்துக்கிட்டாங்க அன்ட்டி, பூவெல்லாம்..." என்று கோப்பெங்காரன் முந்திக்கொண்டான்.

"உன்னக் கேக்கலய்யா. அவனக் கேக்குறேன்."

ஈப்போக்காரன் என்னையே பார்த்தான். ஆமாம் என்று ஒரு சொல். அதற்காகத்தான் கடல் தாண்டிப் போய் வந்தோம். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த அம்மா முகத்துக்கு நேரே அது வரவில்லை.

"எனக்குத் தெரியல அன்ட்டி," என்றேன். "அவன் அங்க அழுதான். அதுதான் நான் பாத்தேன்."

ஈப்போக்காரன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நாசமாப் போச்சு," என்றான். என்னை அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அவன ஏன்டா ஏசுற?" என்றார் அம்மா. "தோட்டத்துலேருந்து சிலிம் ரிவர் பட்டணத்துக்குப் போறப்ப அவங்க சர்ச்சத் தாண்டித்தான் போவேன். உள்ள ஒரு செலகூட இருக்காது. மாதாவக் கும்புட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதான் அவனக் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப என்ன வேணா சொல்லுவீங்க."

"அப்ப போக மாட்டீங்களா?" என்றான் ஈப்போக்காரன்.

"நான் கூட்டியாரேன்னு வேண்டிக்கிட்டேன்டா. நீயா போய் போட்டுட்டு வந்துட்ட. நான் எங்க இருந்தேன் அங்க?"

மாதா, கிளை, விமானம் என்று இத்தனை யோசித்த நாங்கள் மூவரும் அம்மாவையே விட்டுவிட்டுப் போயிருந்தோம்.

"கிட்ட வா," என்றார். அவன் போய் முன்னால் மண்டியிட்டான். அம்மா இரண்டு கையாலும் தலையைத் தடவினார். நெற்றி, உச்சி, பின்னங்கழுத்து. வலது காதுக்குப் பின்னால் விரல் நின்றது. காதை மடக்கிப் பார்த்தார்.

"இங்க விட்டுட்டான்," என்றார்.

நாங்கள் குனிந்து பார்த்தோம். காது மடியும் இடத்தில், மெஷின் எட்டாத ஒரு மூலையில், சுருட்டை முடி ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது.

"ஷேவர எடுத்துட்டு வா தம்பி. ஒரு கிண்ணத்துல தண்ணியும்."

குளியலறையிலிருந்து நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். அவனைத் தரையில் உட்காரவைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையைச் சாய்த்துக்கொண்டார். மூச்சு பெரிதாக வாங்கியது. கண்ணை மூடி ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, அந்த இடத்தை வழித்தார். விரலில் ஒட்டிய முடியைக் கைலி ஓரத்தில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப முடிஞ்சிச்சு," என்றார். "அந்த ஆஸ்பத்திரி நம்பரப் போடு. நானே பேசுறேன்."

அவன் மடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கோப்பெங்காரன்தான் போன் போட்டுக் கொடுத்தான்.