சட்டைக்குள் ஒரு கை

பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவள் அவள். நாற்பத்தாறு வயது. தெருவில் 'படக்காரி' என்றால்தான் தெரியும். முகம் வரைவதில் கெட்டிக்காரி. துணிதான் காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவையாகப் படங்களைத் திருப்பித் தந்த பதிப்பாசிரியர் சலிப்போடு சொன்னார்: "மூஞ்சி எல்லாம் பேசுதுங்க. சட்டைதான் தகரத்துல வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு."

படங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் அப்பா காத்திருந்தார். லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை விழுந்து இரண்டு வருடமாகிறது. தினமும் காலையில் உடம்பைத் துடைத்து, வராத கையில் முதலில் சட்டையை ஏற்றி, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றக் கையை நுழைப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

மறுநாள் அப்படி ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டாள். அக்குளில் சிக்கிய துணி அங்கிருந்து விசிறியாகக் கிளம்பி மார்பு வரை ஓடியது. மடிப்பு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பிடியிலிருந்துதான் புறப்படுகிறது. இத்தனை நாள் அவள் மனம்போனபடி கோடு இழுத்திருக்கிறாள்.

"அப்பா, அப்படியே இருங்க."

"நான் வேற எங்கம்மா போகப்போறேன்?"

பென்சிலை எடுத்து வந்தாள். கொஞ்ச நேரத்தில், "குளிருதும்மா" என்றார். பாதிச் சட்டையோடு அவரை விட்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. கூசிப்போய்ப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

அதன்பின் தினமும் சட்டை போட்டு முடித்ததும் கால்மணி நேரம் வரைந்தாள். கண் சொக்கியது, பல நாள் தாளைக் கிழித்துப் போட்டாள். ஒரு மாதம் போனது. பதிப்பாசிரியர் இந்தத் தடவை படங்களைத் திருப்பித் தராமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

புத்தகம் அச்சாகி வந்ததும் அப்பாவின் மடியில் விரித்தாள். பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஆளுக்கும் இடது கை வராதா?"

அவள் குனிந்து பார்த்தாள். முகம் வேறு யாருடையதோ. ஆனால் இடது பக்கச் சட்டைக்கை தோளிலிருந்து துவண்டு தொங்கியது; உள்ளே அசையாத கை. வரையும்போது அவள் கவனிக்கவேயில்லை. பதிப்பாசிரியரும்தான்.

"தெரியாம வந்திடுச்சுப்பா."

"போகட்டும் விடு. அவன் ஏறி உக்காரத்தானே போறான், பஸ்ஸ ஓட்டவா போறான்?" என்றவர், பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.

அடுத்த வேலையும் வந்திருந்தது. பன்னிரண்டு படம், எல்லாம் ஓடும் பிள்ளைகள். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பார்க்க வேண்டும். அப்பாவை யாரிடம் விட்டுப்போவது என்று யோசித்தபடியே அவர் காலடியில் உட்கார்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது; உடனே எழுந்திருக்க முடியவில்லை.