வேண்டா வளர்த்த குட்டைமரம்

திருக்கழுக்குன்றம் பக்கத்துச் சிற்றூர்களில் வரிசையாகப் பெண்ணே பிறந்தால், போதும் என்று சாமிக்குச் சொல்வதற்காக அடுத்த பெண்ணுக்கு வேண்டா என்று பெயர் வைப்பார்கள். இந்த வேண்டா நாலாவது பெண். அவளுக்கு அடுத்துப் பிறந்ததும் பெண்தான். தன் பெயர் ஒன்றுக்கும் உதவாமல் போன கதையை வேண்டா சிரிக்காமல் சொல்வாள்.

1991-இல், இருபத்தேழு வயதில், கல்பாக்கம் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்டவேலைக்குச் சேர்ந்தாள். காலையில் சாலையோரச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, புல் செதுக்குவது. மத்தியானத்துக்கு மேல் யாராவது அதிகாரி வீட்டுத் தோட்டம். அப்படித்தான் சுப்புராமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவர் ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி. அவர் மனைவி தெய்வநாயகி பள்ளிக்கூட டீச்சர். வீட்டைச் சுற்றி வேப்பமரமும் பூவரசும் அடைத்துக்கொண்டு நின்றதால் தோட்டத்தில் உச்சி வெயில்கூட காசு காசாகத்தான் விழும். ரோஜா வைத்தார்கள், பூக்கவில்லை. மல்லிகை கொடியாக ஓடியதே தவிர மொட்டு விடவில்லை.

அந்த நிழலுக்கென்றே சுப்புராமன் ஊட்டியிலிருந்து ஒரு செடி வாங்கி வந்தார். ஊசியிலை மர வகை, அதிலும் குட்டை ரகம். பெயர் போடோகார்பஸ். ஒல்லியான கரும்பச்சை இலை, விரல் உயரத் தண்டு. வருஷத்துக்கு ஒரு விரற்கடைதான் வளரும், வெயில் ஆகாது என்று அவர் சொன்னதைக் கேட்டு வேண்டாவின் புருஷன் முனிசாமி, "அது மரமாவறதுக்குள்ள நீ கெழவியாயிடுவ" என்றான்.

முதல் செடி வேலியோரம் வெயில் பட்டுக் கருகியது. இரண்டாவதற்குச் சுப்புராமன் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார், வேர் அழுகியது. மூன்றாவதை நட்ட கையோடு அவர் பயிற்சிக்காக ஆறு மாதம் வெளிநாடு போய்விட்டார். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்பதில்லை, இலை சோர்கிறதே என்று அதிகமாக ஊற்றினால் வேர் தாங்கவில்லை. வேண்டா யோசித்தாள். தன் ஊர் ஏரியிலிருந்து வண்டல் மண்ணைச் சிமெண்டுப் பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் திட்டினான். வண்டலோடு மக்கிய வேப்பிலையும் உடைத்த செங்கல்லும் கலந்து குழி மண்ணை மாற்றினாள். உப்புக்காற்று அடிக்கும் கிழக்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினாள். மண்ணுக்குள் விரல் விட்டு, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர்.

சுப்புராமன் திரும்பி வந்தபோது செடியின் நுனியில் வெளிர்பச்சையாக ஒரு கொத்துத் தளிர் இருந்தது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இது உன் செடி, வேண்டா" என்றார்.

அதன்பிறகு அவர் ஒரு நோட்டு போட்டார். மாதம் பிறந்தால் முதல் தேதி காலையில் ஸ்கேலோடு வந்து செடியை அளந்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதுவார். காய்ச்சலில் கிடந்த மாதமும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அளந்தார். குடியிருப்புத் தோட்டப் போட்டிக்கு வீடு வீடாக வந்து பார்த்தவர்கள் செடிக்குப் பரிசு கொடுத்தார்கள். செடியருகே கோப்பையோடு அவர் நின்ற படத்தில் தட்டியை விலக்கிப் பிடித்த வேண்டாவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. சார் தன்னை மறக்கமாட்டார் என்று நம்பினாள்.

1997-இல் மாமல்லபுரம் சாலையில் ஒரு ரிசார்ட் திறந்தார்கள். தோட்டத்துக்கு மேஸ்திரி மாதிரி ஒரு பெண் வேண்டும், மாதச் சம்பளம் என்று வேண்டாவைத் தேடி ஆள் வந்தது. அவள் சுப்புராமனிடம் சொன்னாள். அவர் பதறிப்போனார். ஒப்பந்த ஆட்களை நிரந்தரமாக்கும் பேச்சு அடிபடுகிறது, அனுபவச் சான்று நானே எழுதித் தருகிறேன், அவசரப்பட்டுப் போய்விடாதே என்றார். செடியை வேறு யார் பார்ப்பார்கள் என்று தெய்வநாயகியும் கேட்டாள். வேண்டா போகவில்லை. தன்னோடு வேலை செய்த அதே ஊர்ப்பெண் ரேணுகாவை, பத்து வயது சின்னவளை, அந்த இடத்துக்கு அனுப்பிவைத்தாள். முனிசாமி அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பேச்சு 1999-இல் நிஜமானது. முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள். வேண்டாவுக்குச் சரியாக முப்பத்தைந்து. படிவத்தில் போட்டோ ஒட்டி, எத்தனை வருஷமாகத் தோட்டவேலை தெரியும் என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்திடவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, சுப்புராமன் கையில் கொடுத்தாள். நாளைக்கு எழுதிவிடுகிறேன் என்றார். நாலு நாள் கழித்துக் கேட்டாள், எழுதியாகிவிட்டது மாதிரி தலையாட்டினார். கடைசி வாரத்தில் தெய்வநாயகியிடம் நினைவுபடுத்தினாள். சார் நேரே ஆபீஸில் கொடுத்துவிடுவார், நீ கவலைப்படாதே என்றாள் அவள்.

பட்டியல் வந்தது, வேண்டாவின் பெயர் இல்லை. தன்னைவிட வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த முதல் தேதி சுப்புராமன் செடியை அளந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. நோட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். காற்றில் பக்கங்கள் புரண்டன. மடித்த தாள் ஒன்று நழுவி விழுந்தது. எடுத்து வைக்கப்போனவள் அதில் தன் முகத்தைப் பார்த்தாள். காலியாக விட்ட இடம் காலியாகவே இருந்தது. அதே நோட்டில் அவள் படிவம் கொடுத்த மாத அளவும் முந்தின மாத அளவும் முத்து முத்தாக எழுதியிருந்தன.

அவர் வெளியே வந்ததும் தாளை நீட்டினாள். "அடடா" என்றார். முகம் கறுத்துவிட்டது. கான்பரன்ஸ் வேலையில் விட்டுப்போச்சு, அடுத்த தடவை நானே முன்னால் நின்று முடித்துத் தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னார்.

"அடுத்த தபா எனுக்கு வயசு தாண்டிப்பூடும் சார்" என்றாள் வேண்டா.

அன்றே நின்றிருக்கலாம். ரிசார்ட்டில் இடமில்லை, வேறு வேலை கிடைக்கவில்லை என்று ஊரில் சொன்னாள். அது பாதி உண்மை. மீதி, அந்தச் செடியை விட்டுப்போக மனசு வரவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம். மறுநாளும் தட்டியைச் சரிசெய்தாள். மறுவருஷமும் ஏரி வண்டல் கொண்டுவந்தாள். இன்னும் ஏழு வருஷம் அப்படியே போனது. சுப்புராமன் மாதந்தோறும் அளந்தார். அவள் அந்த நேரத்துக்குப் பின்பக்கம் போய் இலை கூட்டினாள்.

2006 மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். சென்னையில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருந்தார்கள். செடியையும் கொண்டுபோவது என்று முடிவாகியிருந்தது. "இது உன் செடி" என்று சொன்னது அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

கத்திரி வெயிலில் வேரை அசைத்தால் தாங்காது, கார்த்திகை மழைக்கு வந்து எடுத்துத் தருகிறேன் என்று வேண்டா சொல்லிப்பார்த்தாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்தாகவேண்டும் என்றார். மாடியில் நிழல் உண்டா என்று கேட்டாள். மேற்குப் பார்த்த பால்கனி, நல்ல வெளிச்சம் என்றாள் தெய்வநாயகி.

தோண்டும்போது அவளுக்கு ஒரு கணம் தோன்றியது, கடப்பாரையைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று. யாருக்கும் தெரியாது. ஆனால் கை கேட்கவில்லை. சுற்றிலும் ஒரு சாண் தள்ளிக் குழி வெட்டி, தாய்மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டி, தானே தூக்கி வண்டியில் ஏற்றினாள். முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழ். பதினாலு வருஷம்.

ஆடியில் பக்கத்து வீட்டு போனுக்குச் சுப்புராமன் பேசினார். இலை சிவக்கிறது, ஒருமுறை வந்து பார் என்றார். போகக்கூடாது என்று முனிசாமி சொன்னான். அவள் போனாள்.

பால்கனியில் பளபளவென்று பீங்கான் தொட்டி. அதன் அளவுக்குப் பாதி வேரை யாரோ நறுக்கியிருந்தார்கள். கீழே நீர் போக ஓட்டையில்லை. மூன்று மணி வெயில் நேராகச் செடிமேல் அடித்தது. கீழே நிழலில் வைக்கலாமே என்று கேட்டதற்கு, அங்கே கார் நிறுத்துகிறார்கள் என்றாள் தெய்வநாயகி. வேண்டா தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சையில்லை. இன்னும் கீழே கீறினாள். அங்கேயும் பழுப்பு.

"எதாவது பண்ண முடியாதா வேண்டா?"

"செத்துப்பூட்ச்சி சார். ரெண்டு வாரம் இருக்கும்."

அவர் உள்ளே போய் நோட்டையும் ஸ்கேலையும் எடுத்து வந்தார். செத்த செடியைக் கடைசியாக ஒருமுறை அளந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து, தேதி போட்டு எழுதினார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்பது வேண்டாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பேனாவ அன்னிக்கி எட்த்துருக்கலாம் சார்" என்றாள்.

"எந்தப் பேனா? என்னைக்கு?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

தெய்வநாயகி காபி கொண்டுவந்தாள். வேண்டா வாங்கிக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிவிட்டாள்.

அந்த ஐப்பசியில் அவள் மாமல்லபுரம் ரிசார்ட்டில் தினக்கூலிக்குச் சேர்ந்தாள். அங்கே தோட்டத்துக்கெல்லாம் மேற்பார்வை ரேணுகாதான். கையில் வாக்கிடாக்கி, மடிப்புக் கலையாத பச்சைச் சேலை. கும்பலோடு வரிசையில் நின்ற வேண்டாவைக் கண்டதும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனியாகக் கூட்டிப்போனாள்.

"நீ கைகட்டி நிக்கிறது எனுக்கு ஒருமாரி கீதுக்கா. நாற்றங்கால்ல போடறேன். நெழல், உக்காந்துகினே செய்யலாம். செடிங்கள உன்ன மாரி பாக்க இங்க ஆளில்ல."

"செடி வேணாம்மே" என்றாள் வேண்டா. "புல்லு வெட்டறன்."

ரேணுகா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதில் அந்த வெயிலில் புல் வெட்டுவது லேசில்லை என்று இருவருக்கும் தெரியும். கடைசியில் ரேணுகாவே போய் அரிவாளை எடுத்துவந்து கொடுத்தாள். கடலுக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவில் மரமே இல்லாத பெரிய புல்வெளி அது. வெட்டி முடித்து மறுமுனைக்குப் போவதற்குள் முதல் முனையில் மறுபடி வளர்ந்துவிடும். வேண்டா முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள்.